செக்கர் வானும் ஒளிப்படமும்

பொழுது சாயும் வேளையில் கடற்கரையில் நின்று மேல்வானை நோக்கி மகிழாதார் இலர். உழைத்துக் களைத்த உழவரும், வலையை உதறி மடித்து வைக்கும் பரதவரும், பள்ளி விட்டு வரும் சிறுவரும் அந்நேரத்தில் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்ப்பர். எழுகின்ற கதிரவனைத் தொழுவது சிலர்க்கே வழக்கம். விழுகின்ற கதிரவனை நின்று பார்ப்பதோ எல்லார்க்கும் இயல்பு. நாள்தோறும் நிகழ்வதேயாயினும், ஒரு நாள் கண்ட காட்சி மறுநாள் வாராது. ஆதலின் அதனைப் படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை மக்களுக்கு எழுந்தது.

இவ்வேளையின் அழகை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்து, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதை வகுத்தபோது, கடலும் கடல் சார்ந்த இடமும் ஆகிய நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை உரிமையாக்கினார். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல், அஃதாவது சாய்தல். இரண்டும் சேர்ந்து எற்பாடு ஆயிற்று. நண்பகலுக்குப் பின் கதிரவன் மேற்கே சரிந்து மறையும் வரையுள்ள பத்து நாழிகையை அது குறிக்கும். இக்காலத்து ஒளிப்படக் கலைஞர், படம் எடுப்பதற்கு மிகச் சிறந்தது என்று போற்றும் பொன்னொளி வேளை இந்த எற்பாட்டின் கடைப்பகுதியே ஆகும். கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கடற்கரைக்கு ஏற்ற ஒளி எது என்பதைத் தமிழர் கண்டு பெயரும் இட்டனர் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

எந்தக் கரையில் காண்பது?

காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் வாழும் மாணவர்க்கு அண்மையில் உள்ள கடல் கிழக்குக் கடலே. தேவகோட்டை, திருவாடானை வழியே சென்றால் தொண்டி என்னும் பழைய துறையை அடையலாம். அங்கே கதிரவன் கடலில் எழுவான். ஆனால் கடலில் விழமாட்டான். மாலையில் அவன் நமக்குப் பின்னே, பனைமரங்களுக்கும் வயல்களுக்கும் அப்பால் மறைவான். சங்க காலத்தில் தொண்டி என்னும் பெயருடைய துறை மேலைக் கடற்கரையிலும் இருந்தது. அது சேரர்க்கு உரியது. அத்தொண்டியில் நின்றவர் கதிரவன் கடலில் மூழ்குவதைக் கண்டிருப்பர். நம் தொண்டியில் நின்றவர் அவன் கடலினின்று எழுவதைக் கண்டிருப்பர். பெயர் ஒன்றாயினும் கரை வேறாதலின் காட்சியும் வேறாயிற்று.

தமிழ்நாட்டின் கரை பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. ஆகவே கதிரவன் கடலில் மறைவதைக் காண விரும்புவோர் தக்க இடத்தைத் தேர்ந்து செல்லல் வேண்டும். அவ்விடங்களுள் சிறந்தவை இரண்டு. ஒன்று குமரிமுனை, மற்றொன்று இராமேசுவரத் தீவின் கோடியில் உள்ள தனுஷ்கோடி.

குமரிமுனையில் முப்புறமும் நீர். முழுநிலா நாளில் கதிரவன் மேற்கே மறையும் வேளையில் நிலா கிழக்கே எழும் என்பது உலகெங்கும் பொதுவான நிகழ்ச்சியே. ஏனைய ஊர்களில் மரமோ மலையோ மாடமோ ஒரு பக்கத்தை மறைக்கும். குமரியில் இருபுறமும் கடல் ஆதலின், நின்ற இடத்தில் நின்றே இரண்டையும் காணலாம். சித்திரை முழுநிலா அன்று அங்கே மக்கள் திரள்வது இதன் பொருட்டே. அங்குப் படம் எடுப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும், 1970 ஆம் ஆண்டில் அமைந்த விவேகானந்தர் மண்டபமும் கரையினின்று கிழக்குப் பக்கமாக உள்ள பாறைகளில் நிற்கின்றன. கரையில் இருந்து பார்ப்பார்க்கு அவற்றின் பின்னே தோன்றுவது எழுஞாயிறே அன்றிப் படுஞாயிறு அன்று.

மேலும், கதிரவன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. பங்குனியிலும் புரட்டாசியிலும் நேர் மேற்கே மறைபவன், மார்கழியில் தென்மேற்காக ஏறத்தாழ 23 பாகையும், ஆனியில் வடமேற்காக அவ்வளவும் விலகி மறைவான். தனுஷ்கோடியில் நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு நாக்குப் போல் நீண்டு கிடக்கிறது. எனவே மார்கழி, தை மாதங்களில் அங்குச் செல்வோர் கதிரவன் தடையின்றி மன்னார் வளைகுடாவில் மூழ்குவதைக் காண்பர். அந்நிலத்திற்கு வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக்கு நீரிணைப் பக்கத்தை அவ்வூர் மக்கள் பெண்கடல் என்பர். தெற்கே அலைமோதும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பர். அமைதியான நீரில் வானத்தின் நிறம் கண்ணாடியில்போல் விழும். கொந்தளிக்கும் நீரில் அது ஆயிரம் துண்டாகச் சிதறும். இரண்டையும் சில அடி நடையில் காண்பதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

வானம் சிவப்பது ஏன்?

படம் எடுக்கப் புகுவோர் தாம் எடுக்கும் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். கதிரவன் ஒளி வெண்மையாகத் தோன்றினும் பல நிறங்கள் கலந்தது. அது நம்மைச் சூழ்ந்த காற்று மண்டலத்தினூடே வரும்போது, காற்றின் நுண்ணணுக்கள் அதனைச் சிதறச் செய்கின்றன. நீல ஒளி செவ்வொளியினும் நான்கு மடங்குக்கு மேலாகச் சிதறும் இயல்புடையது. சிதறிய நீலமே பகல் வானின் நிறம். மாலையிலோ கதிரவன் அடிவானத்தை அடுத்துள்ளான். அவன் ஒளி, தலைக்கு நேரே இருக்கும்போது கடக்கும் காற்றைப் போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியுள்ளது. அந்நெடுவழியில் நீலம் எல்லாம் சிதறிப்போக, எஞ்சிய செம்மையே நம் கண்ணை வந்து அடைகிறது. இதுவே செக்கர் வானத்தின் காரணம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராலே பெருமகனார் 1871 ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு விளக்கினார்.

வானின் நீலத்தை அவர் விளக்கினார். கடலின் நீலம் வானின் எதிரொளியே என்று அக்காலத்தார் கருதினர். 1921 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அக்கருத்தை ஐயுற்றார். தம்மிடம் இருந்த சிறு கருவியால் வானின் எதிரொளியை விலக்கிப் பார்த்தார். பார்த்த பின்னும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் அணுக்களும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பதைக் கண்டார். திருச்சிராப்பள்ளியில் 1888 ஆம் ஆண்டில் பிறந்த சர் சி. வி. இராமனே அவர். அன்று தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28 ஆம் நாள் பெருங்கண்டுபிடிப்பாக முதிர்ந்தது. 1930 ஆம் ஆண்டில் நோபெல் பரிசையும் ஈட்டித் தந்தது. கப்பல் தளத்தில் நின்று கடலைப் பார்த்தவர் பலர். ஏன் என்று வினவியவர் ஒருவர்.

காற்றில் தூசியும் நீராவியும் மிகுந்தால் மாலை வானின் நிறமும் மாறும். 1883 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சாவகத்திற்கு அருகே கிரக்கத்தோவா என்னும் எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வானில் உயர்ந்து உலகெங்கும் பரவின. செப்டம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றினான். அவ்வாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் அந்திவானம் வழக்கத்திற்கு மாறாகச் செந்தீப்போல் ஒளிர்ந்தது. வில்லியம் ஆசுகிராப்டு என்னும் ஓவியர் தேம்சு ஆற்றங்கரையில் அமர்ந்து அந்நிறங்களை நாள்தோறும் தீட்டி வைத்தார். அவருடைய ஓவியங்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. நிறத்தைப் பதிக்கும் ஒளிப்படம் அன்று இல்லாமையால் ஓவியரின் விரைந்த கையே அறிவியலுக்குச் சான்று ஆயிற்று.

இன்னும் ஒரு வியப்பைக் கேளுங்கள். கதிரவனின் அடிவிளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் கணத்தில், உண்மையான கதிரவன் முழுமையும் அடிவானத்திற்குக் கீழே சென்றுவிட்டான். காற்று மண்டலம் ஒளியை வளைத்து அவனை மேலே உயர்த்திக் காட்டுகிறது. அடிவிளிம்பை மேல்விளிம்பினும் மிகுதியாக உயர்த்துவதால், வட்டமாகிய அவன் உருவம் சற்று நசுங்கித் தோன்றுகிறது. ஆகவே கடலில் பாதி மூழ்கிய கதிரவனைப் படம் எடுப்பவர் மறைந்துபோன ஒன்றையே படம் எடுக்கிறார்.

கருவி சிவப்பைக் கண்ட வரலாறு

இக்கலையைப் புகைப்படம் என்றும், நிழற்படம் என்றும், ஒளிப்படம் என்றும் மூவகையாகக் கூறுவர். புகைக்கு இதில் வேலை இல்லை. நிழலும் ஒளியும் இரண்டும் உண்டு. ஒளி இன்றேல் நிழலும் இன்று ஆதலின் ஒளிப்படம் என்பதே இப்பாடத்திற்கு ஏற்ற பெயர்.

பிரான்சு நாட்டுத் தாகேர் தம் முறையை 1839 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். ஆயினும் படுஞாயிற்றைப் பிடிப்பது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அக்காலத்துத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும், சிவப்பை அறியா. கடலும் கரையும் பதியும் அளவிற்குத் தகட்டை ஒளியில் காட்டினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானம் பதியும் அளவிற்குக் காட்டினால் கடல் கரியாகிவிடும். இவ்விடரை நீக்கக் குசுத்தாவ் இலெ கிரே என்னும் பிரான்சு நாட்டுக் கலைஞர் 1856 ஆம் ஆண்டையொட்டி ஒரு வழி கண்டார். வானத்தைத் தனித் தகட்டிலும் கடலைத் தனித் தகட்டிலும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். கண்டோர் வியந்தனர். ஆயினும் அப்படத்து வானம் அக்கடலின் மேல் அந்நேரத்தில் இருந்த வானம் அன்று.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராகப் பணிபுரிந்த இலின்னேயசு திரைப் என்னும் படைத்தலைவர் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய இடங்களின் காட்சிகளைப் படம் எடுத்து 1858 ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளியிட்டார். வெறுமையாகப் பதிந்த வானத்தில் முகில்களை அவர் தம் கையால் தீட்டிச் சேர்ப்பது உண்டு. கோயிலும் கோட்டையும் உள்ளபடியே இருக்க, முகில் மட்டும் கற்பனையாக இருந்தது.

1873 ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வோகெல் என்னும் பேராசிரியர், தகட்டில் தக்க சாயத்தைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். அதன்பின் படிப்படியாகக் கருவி சிவப்பையும் காணக் கற்றது. 1907 ஆம் ஆண்டில் இலூமியேர் உடன்பிறந்தார் உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்குச் சாயம் ஏற்றித் தகட்டில் பரப்பி, வண்ணப்படம் எடுக்கும் வழியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1935 ஆம் ஆண்டில் வண்ணப் படச்சுருள் வந்தது. நம் உதகமண்டலத்தில் 1960 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, இந்து என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைச் செய்து வழங்கியது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுருள் இல்லாத மின்னணுக் கருவி உருவாயிற்று. இன்று அது கைப்பேசியில் அடங்கிச் சிறுவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

படம் எடுப்போர்க்குச் சில நெறிகள்

கருவி எளிதாயிற்று என்பதால் கலையும் எளிதாயிற்று என்று எண்ணலாகாது. முதலாவதாகக் கண்ணைக் காத்தல் வேண்டும். சூரியகாந்தக் கல் பஞ்சை எரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தொலைநோக்காடியோ பெரிய ஆடி பொருத்திய கருவியோ கதிரவன் ஒளியைக் குவித்தால் கண்ணையும் அவ்வாறே எரிக்கும். கதிரவன் நன்கு தாழ்ந்து சிவந்த பின்னரே கருவியை அவன்பால் திருப்புக. அப்போதும் ஆடியினூடே நெடுநேரம் நோக்கற்க. இரண்டாவதாக உடலைக் காத்தல் வேண்டும். பார்வை படத்தில் இருக்கப் பின்னடி எடுத்து வைத்து அலையிற் சிக்குவோர் உளர். குமரியிலும் தனுஷ்கோடியிலும் நீரோட்டம் வலிது. ஒருவர் படம் எடுக்கும்போது மற்றொருவர் அலையைப் பார்த்து நிற்பது நன்று.

அடுத்து, அடிவானக் கோடு சாயாமல் இருத்தல் வேண்டும். கடல் ஒருபுறமாக வழிந்தோடுவதுபோல் எடுத்த படத்தில் வேறு எவ்வழகு இருந்தும் பயன் இல்லை. அக்கோடு படத்தை நட்ட நடுவில் இரு கூறாக்குதலும் பொருந்தாது. வானம் அழகாயின் வானத்திற்கு மிகுதி இடம் தருக. நீர் அழகாயின் நீருக்குத் தருக. கதிரவன் மட்டும் அமைந்த படம் எக்கடலிலும் எடுத்த படமாகத் தோன்றும். கட்டுமரமோ, உலரும் வலையோ, பனையோ, கலங்கரை விளக்கமோ முன்னே கரிய வடிவாக நிற்பின், அது எந்தக் கரை என்பது விளங்கும்.

வானத்தின் ஒளிக்கு ஏற்பக் கருவியை அமைத்தல் வேண்டும். இன்றேல் செம்மை வெளுத்துப்போகும். நம் நாட்டில் கதிரவன் வட்டம் கடலைத் தொட்டது முதல் முழுதும் மறைவதற்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே ஆகும். ஆகவே முன்னரே இடத்தைத் தேர்ந்து, கருவியை நிலையாக நிறுத்திக் காத்திருத்தல் நன்று. காத்திருப்போர்க்கே இக்கலை கைகூடும். கதிரவன் மறைந்தவுடன் பலர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து செல்வர். அது பெரும்பிழை. முகில்களின் சிறந்த நிறம் அதன் பின்னரே தோன்றும். நம் நாட்டில் அந்தியொளி இருபது நிமிடத்திற்குச் சற்று மிகுதியாக நின்று விரைவில் இருளாகும். அவ்வேளையில் திரும்பிக் கிழக்கேயும் நோக்குக. அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்றும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தோன்றும். அக்கருநீலம் வேறொன்றும் அன்று. நாம் நிற்கும் இந்நிலவுலகம் காற்று மண்டலத்தின்மேல் வீழ்த்தும் நிழலேயாம்.

ஒரு பழைய படம்

என் பெரியப்பா கொழும்பு நகரில் ஒரு கடையில் கணக்கராக இருந்தவர். அக்காலத்தில் செட்டிநாட்டிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடித் துறைவரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலில் செல்வது வழக்கம். 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது முதல் இவ்வழி நடைபெற்று வந்தது. கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் அவர் தம் சிறு பெட்டிக் கருவியால் கதிரவன் மறைவதைப் படம் எடுத்தார். உள்ளங்கை அகலமே உடைய அக்கறுப்பு வெள்ளைப் படத்தை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தேன். சாம்பல் நிற வானில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே கரிய கடல். வலப்பக்க ஓரத்தில் ஒரு கூரையின் பகுதி, ஒரு கைகாட்டி மரம், பெட்டியைத் தூக்கிச் செல்லும் இருவர். 

"இதில் சிவப்பே இல்லையே, பெரியப்பா! ஓரத்தில் கூரை வேறு வந்து கெடுத்துவிட்டதே" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தக் கூரை வராமல் எடுக்கத்தான் தம்பி, நான் பாடுபட்டேன். எவ்வளவு நகர்ந்தும் வந்துவிட்டது. இப்போது அது வந்ததே நல்லதாயிற்று" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு பெரும்புயல் ஒன்று வீசியது. கடல் பொங்கி எழுந்து தனுஷ்கோடியின்மேல் பாய்ந்தது. நிலையமும், துறைமேடையும், வீடுகளும், அஞ்சலகமும் அழிந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த தொடர்வண்டியை அலைகள் கவிழ்த்தன. அதில் இருந்த நூற்றுவர்க்கு மேற்பட்ட பயணிகள் மாண்டனர். மக்கள் வாழ்வதற்கு ஏற்ற இடம் அன்று என்று அரசு அவ்வூரைக் கைவிட்டது. இடிந்த மாதா கோயிற் சுவரும் நிலையத்தின் சிதைவுகளுமே எஞ்சின. 2017 ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை சாலை அமைந்தபின், நாள்தோறும் பலர் அங்குச் சென்று மாலை வானைப் படம் எடுத்து வருகின்றனர்.

வயது முதிர்ந்த காலத்தில் என் பெரியப்பா அப்படத்தை எடுத்துப் பார்க்கும்போது கதிரவனைப் பார்த்ததில்லை. அவர் விரல் ஓரத்துக் கூரையின்மேலேயே நிற்கும். "இதன் கீழேதான் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்" என்பார். கதிரவன் மறுநாளும் வந்தான்; இன்றும் வருகிறான். கூரை வரவில்லை. அழகுக்கு இடையூறு என்று அவர் விலக்க முயன்றதே, காலம் சென்றபின் அப்படத்தின் பொருள் ஆயிற்று. படத்தின் பின்புறத்தில் ஊதா மையில், "தனுஷ்கோடி, தை, 1961" என்று எழுதியிருந்தார். அவ்வொரு வரி இன்றேல் எங்கள் வீட்டில் இன்று யாரும் அதனை இன்ன இடம் என்று அறியார்.

கோட்டையூரார் காட்டிய வழி

எடுத்த படத்தைப் பேணுவதன் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் நம் செட்டிநாட்டவர் ஒருவர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911 ஆம் ஆண்டில் பிறந்த ஏ. கே. செட்டியார் தோக்கியோ நகரிலும் நியூயார்க் நகரிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து செல்லும் கப்பலில் இருந்தபோது, அடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாகத் தொகுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு பேர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடி ஒரு இலட்சம் மைல் அலைந்தார். 50,000 அடிச் சுருளைத் திரட்டி, அதனினின்று 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள் வெளியிட்டார். எடுத்தவர் நூறு பேர்; தேடிச் சேர்த்தவர் ஒருவர். அவர் தேடாதிருந்தால் அச்சுருள்களுட் பல எங்கோ ஒரு மூலையில் மட்கிப்போயிருக்கும்.

மாணவர்களே! இன்று ஒரு மாலையில் நூறு படங்கள் எடுக்க உங்களால் இயலும். நூறும் கைப்பேசியில் கிடந்து மறக்கப்படுதலினும், ஒன்றைத் தேர்ந்து, இடமும் நாளும் எழுதிப் பேணுதல் சிறந்தது. வானின் நிறத்தை மிகுத்துக் காட்டும் வசதிகள் இன்று பல உள. கண்ட நிறத்தை நினைவிற்கு ஏற்பச் சீர்செய்தல் வேறு; காணாத நிறத்தைக் கண்டதாகக் காட்டுதல் வேறு. முன்னது கலை, பின்னது பொய். பொருத்திச் செய்த படமாயின், பொருத்தியது என்று கூறிவிடுதலே நேர்மை.

கடற்கரை செல்ல இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. மழை பெய்து நிறைந்த கண்மாயின் கிழக்குக் கரைமேல் நின்று பாருங்கள். நீரில் செக்கர் படரும். நாரைகள் வரிசையாகக் கூடு திரும்பும். எதிர்க்கரைப் பனைகள் கரிய வடிவாக நிற்கும். படம் எடுங்கள். ஓரத்தில் ஊருணிப் படிக்கட்டோ, மாடு ஓட்டிவரும் பெரியவரோ, பழைய வீட்டின் முகப்போ வந்து விழுந்தால் விலக்காதீர்கள். எது நிலைக்கும், எது மறையும் என்பதை இன்று நாம் அறியோம்.

பயிற்சி

1. எற்பாடு என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக. அஃது எந்நிலத்திற்கு உரிய பொழுது?
2. தொண்டியில் கதிரவன் கடலில் மறையாமைக்கும், தனுஷ்கோடியில் மார்கழி மாதத்தில் மறைவதற்கும் காரணம் யாது?
3. மாலை வானம் சிவப்பதன் காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
4. இலெ கிரே இரண்டு தகடுகளைப் பொருத்தியது ஏன்? அம்முறையில் உள்ள நிறையும் குறையும் யாவை?
5. "கூரை வந்ததே நல்லதாயிற்று" என்று ஆசிரியரின் பெரியப்பா கூறியதன் கருத்தை விளக்குக.
6. உம் வீட்டில் உள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பெரியோரிடம் காட்டி, அதில் உள்ள இடத்தையும் காலத்தையும் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.